இரண்டு நிமிடக் குச்சி

1826 டிசம்பர் 20. வியன்னாவில் யோஹான் ஸைபெர்ட் என்ற அறுவை மருத்துவர், படுக்கையில் கிடந்த பீத்தோவனின் வயிற்றில் துளை போட்டுத் தண்ணீர் எடுத்தார். அந்த மாதத் தொடக்கத்தில் குளிரில் பயணம் செய்து ஊர் திரும்பியவர் பீத்தோவன். வந்ததும் காய்ச்சல், பிறகு மஞ்சள் காமாலை, பிறகு காலும் வயிறும் வீக்கம். முதல் தடவை வந்த தண்ணீர் 25 பவுண்டு என்று அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் வாவ்ருக் எழுதிவைத்திருக்கிறார். கோலால் பாறையைத் தட்டித் தண்ணீர் வரவழைத்த மோசேயோடு அறுவை மருத்துவரை ஒப்பிட்டு பீத்தோவன் ஜோக் அடித்ததாகவும் ஒரு கதை உண்டு. அந்த நிலையிலும் மனுஷனுக்கு அது தோன்றியிருக்கிறது.

ஜனவரி 8, பிப்ரவரி 2, பிப்ரவரி 27 என்று இன்னும் மூன்று முறை துளை போட்டார்கள். மார்ச் 26 அன்று இறந்துபோனார், வயது 56. மறுநாள் உடலைத் திறந்து பார்த்த யோஹான் வாக்னர், பாதியாகச் சுருங்கி, தோல் மாதிரி இறுகி, அவரைக்கொட்டை அளவு முடிச்சுகள் நிறைந்த ஒரு கல்லீரலைக் குறித்துவைத்தார். இன்று எந்த மருத்துவ மாணவரும் படித்ததும் சொல்லிவிடுவார்: சிரோசிஸ். 2023-இல் பீத்தோவனின் தலைமுடியிலிருந்து மரபணுவைப் படித்த ஆய்வுக் குழு, அவருக்குக் கல்லீரல் நோய்க்கான மரபணுச் சாய்வும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் இருந்ததைக் கண்டது. குடியும் சேர்ந்திருக்கலாம். கல்லீரல் எப்படிக் கெட்டது என்பதற்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது.

இந்தக் கதையில் என்னை இழுப்பது வேறு ஒரு விவரம். முதல் துளைக்குப் பிறகு காயம் அழன்றது. இறந்தபின் வயிற்றில் இருந்த நீர் கலங்கலாக இருந்தது. தண்ணீரை அளந்தார்கள், எடை போட்டார்கள், கொட்டினார்கள். அந்தத் தண்ணீருக்குள்ளேயே ஒரு நோய் இருக்குமோ என்ற கேள்வியைக் கேட்க அன்றைக்கு யாராலும் முடியாது. கிருமிக் கொள்கை வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. பீத்தோவனின் வயிற்றுநீரில் தொற்று இருந்ததா என்று இன்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் சிரோசிஸ் வந்து வயிறு வீங்கி இறந்துபோன எத்தனையோ பேரின் வயிற்றில் அது இருந்திருக்கும். அதற்கு ஒரு பெயர் கிடைக்க 1964 வரை ஆகியது.

தண்ணீர் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது

‘வயித்துல தண்ணி கட்டிடுச்சு’ என்று ஊரில் சொல்வோமே, அது மிகப் பழைய நோய். சித்த மருத்துவத்தில் மகோதரம், பெருவயிறு. சமஸ்கிருதத்தில் ஜலோதரம். கிரேக்கத்தில் தோல்பையைக் குறிக்கும் ‘அஸ்கோஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் இன்றைய ‘அசைட்டிஸ்’. ஒயின் ஊற்றிவைக்கும் தோல்பையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

தண்ணீரை எடுக்கவும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சுஸ்ருத சம்ஹிதையில் செய்முறையே இருக்கிறது: தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம், நெல்மணி போன்ற நுனியுள்ள கருவியால் குத்தி, குழாய் செருகி நீரை வடிக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் தாகமும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும் என்ற எச்சரிக்கையும் உண்டு. வடித்த பிறகு வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டச் சொல்கிறது. இன்றைக்கும் ஒரே அமர்வில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் ரத்த ஓட்டம் தடுமாறும் என்று, எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் வரை ஆல்புமின் ஏற்றுகிறார்கள். பிரச்சினையை அன்றே பார்த்துவிட்டார்கள்.

கிரேக்க மருத்துவர் எராசிஸ்ட்ராட்டஸ் இந்தத் துளை போடுவதையே எதிர்த்தார் என்று ரோமானியரான செல்சஸ் எழுதுகிறார். காரணம் எளிமையானது: கெட்டுப்போனது கல்லீரல், தண்ணீரை எடுத்தால் அது திரும்பவும் ஊறும், அப்புறம் எதற்கு எடுப்பது? செல்சஸின் பதில்: தண்ணீர் போவது குணமாகாது, ஆனால் மருந்து வேலை செய்ய இடம் கிடைக்கும். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

1819-இல் ஸ்டெதஸ்கோப்பைப் பற்றிய தன் புத்தகத்தில், பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் போகிறபோக்கில் ஓர் அடிக்குறிப்பாக ‘சிரோசிஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார். பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. நிறத்துக்கு வைத்த பெயர் நோய்க்கு நிலைத்துவிட்டது. ஆக, பீத்தோவன் இறந்தபோது நோய்க்குப் பெயர் இருந்தது, சிகிச்சைக்குக் கருவி இருந்தது, தண்ணீர் கண்ணெதிரே இருந்தது. தண்ணீரைச் சோதிக்கும் வழக்கம் மட்டும் இல்லை.

ஓட்டை இல்லாமல் ஒழுகும் நோய்

வயிற்று உறுப்புகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்குப் பெரிட்டோனியம் என்று பெயர். அதில் கிருமி வந்தால் பெரிட்டோனைட்டிஸ். பொதுவாக இது எப்படி வரும்? குடல்வால் வெடிக்கும், இல்லையென்றால் குடலில் ஓட்டை விழும். அறுவை சிகிச்சை செய்து ஓட்டையை அடைத்தால்தான் ஆள் பிழைப்பார். வயிறு பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும், தொட்டால் அலறுவார்கள். மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சி அது.

சிரோசிஸ் நோயாளிகளில் சிலருக்கு ஓட்டையே இல்லாமல் இந்தத் தொற்று வந்தது. 1950-களின் இறுதியில் பிரான்ஸிலும், 1963-இல் பிரிட்டனிலும் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். 1964-இல் அமெரிக்காவில் ஹெரால்ட் கான் எழுதிய கட்டுரைதான் இதை ஒரு தனி நோயாக நிறுத்தியது. கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு குற்றச்சாட்டு இருந்தது: இது ஓரளவு பரவலாக இருக்கும் நோய், ஆனால் அரிதாகவே அடையாளம் காணப்படுகிறது. பின்னாளில் நிலைத்த பெயர் ‘ஸ்பான்டேனியஸ் பாக்டீரியல் பெரிட்டோனைட்டிஸ்’. தானாக வரும் வயிற்றுநீர்த் தொற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

‘தானாக’ என்றால் உண்மையில் தானாக இல்லை. கெட்ட கல்லீரல் உள்ளவர்களுக்குக் குடலின் காவல் தளர்ந்துவிடும். குடலில் சாதுவாக இருந்த ஈ. கோலி, கிளெப்ஸியெல்லா போன்றவை சுவரைத் தாண்டி நிணநீர் முடிச்சுகளுக்கும் அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். வழக்கமாக அவற்றை வடிகட்டிப் பிடிக்கும் இடம் கல்லீரல். இங்கே ரத்தம் கல்லீரலுக்குள் நுழையாமல் பக்கவழிகளில் சுற்றிப் போகிறது. கடைசியில் கிருமிகள் வயிற்றுநீரில் வந்து சேரும். அந்த நீரில் புரதம் குறைவு, அதாவது கிருமியை எதிர்க்கும் சரக்கும் குறைவு. தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான குளம் அது.

கொடுமை என்னவென்றால், நோய் சத்தம் போடாது. உறையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் இருப்பதால் வயிறு விறைக்காது. சிலருக்கு லேசான காய்ச்சல், சிலருக்குப் பேச்சு குழறும், சிலருக்குச் சிறுநீர் குறையும். சிலருக்கு எதுவுமே இருக்காது. முதலில் விவரிக்கப்பட்ட காலத்தில் இந்தத் தொற்று வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தார்கள். இன்று சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் மருத்துவமனையில் இறப்பவர்கள் ஏறக்குறைய 20 சதவீதம்.

90-லிருந்து 20-க்கு வந்தது எப்படி? கொஞ்சம் மருந்தால். 1985-இல் பார்சிலோனாவில் நடந்த ஆய்வில், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் பழைய கூட்டு மருந்தைவிட செஃபோடாக்சிம் நன்றாக வேலை செய்தது. 1999-இல் அதே ஊரின் தலைமையில் 126 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், ஆன்டிபயாடிக்கோடு ஆல்புமினும் ஏற்றியபோது மருத்துவமனையில் இறந்தவர்களின் விகிதம் 29 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தது. ஆனால் இந்த மருந்துகள் எல்லாம் நோய் இருப்பது தெரிந்த பிறகுதானே! மீதிப் பாதி வேலையைச் செய்தது, தண்ணீரைச் சோதிக்கும் பழக்கம்.

இருநூற்றைம்பது

சரி, தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? முதலில் தோன்றுவது கல்ச்சர்: நீரைச் சத்துக்கூழில் போட்டு வளர்கிறதா என்று பார்ப்பது. இதில் இரண்டு சிக்கல். ஒன்று, ஓரிரண்டு நாள் ஆகும். இரண்டு, வளரவே வளராது. இந்த நோயில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு, ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் ஒரு பாக்டீரியா அளவுக்கு. ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் தடவினால் அதில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். 1980-களில் அமெரிக்காவில் புரூஸ் ரன்யன் இதைக் கவனித்து, 10 மில்லி நீரை நோயாளியின் படுக்கை அருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தார். பாதி அளவில் இருந்த கண்டுபிடிப்பு 80 சதவீதம்வரை ஏறியது. புதுக் கருவி எதுவும் இல்லை, ஊற்றும் இடமும் நேரமும்தான் மாறின. இவ்வளவுக்குப் பிறகும் 60 சதவீதம் பேருக்குக்கூடக் கல்ச்சர் எதிர்மறையாக வரலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது.

அதனால் கிருமியைத் தேடுவதை விட்டுவிட்டு, கிருமியோடு சண்டை போட வந்தவர்களை எண்ண ஆரம்பித்தார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு. ஒரு கன மில்லிமீட்டர் நீரில் 250-க்கு மேல் இருந்தால் தொற்று என்று வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கு, கல்ச்சருக்குக் காத்திருக்காதே. இதுதான் விதி.

ஏன் 250? 500 என்று வைத்தால் ‘ஆமாம்’ என்ற பதில் இன்னும் நம்பகமாக இருக்கும், ஆனால் நிஜ நோயாளிகள் சிலர் நழுவுவார்கள். 250 என்றால் சிலருக்குத் தேவையில்லாமல் ஊசி போகும், ஆனால் நழுவுபவர்கள் குறைவு. சர்வர் கண்காணிப்பு வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கம். அலாரத்தின் எல்லையைக் கீழே வைத்தால் ராத்திரி தூக்கம் போகும், மேலே வைத்தால் ஒருநாள் சர்வரே போகும். இங்கே போவது உயிர் என்பதால் எல்லையைக் கீழே வைத்தார்கள்.

எண்ணுவது எப்படி என்றால், கோடு போட்ட கண்ணாடிச் சில்லில் நீரை வைத்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சாயமேற்றி நியூட்ரோஃபில் எத்தனை, மற்றது எத்தனை என்று பிரிக்க வேண்டும். பழகிய கண் வேண்டும். இப்போது இயந்திரங்களும் எண்ணுகின்றன. ஆனால் இயந்திரமோ கண்ணோ, லேப் திறந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்குச் சின்ன ஊர் மருத்துவமனையில் யார் எண்ணுவது?

அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. 2014-இல் அமெரிக்காவில் இந்தத் தொற்று இருந்த 239 பேரின் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வு, சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் வயிற்றுநீர் எடுக்கப்பட்டவர்களையும் அதற்குப் பிறகு எடுக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. தாமதமானவர்கள் மருத்துவமனையில் இறக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு. ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் இறப்பு 3.3 சதவீதம் கூடியது. பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் காரணம் தாமதம் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எண்ணைப் படித்துவிட்டு ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று சொல்வது கஷ்டம்.

பக்கத்து அலமாரியிலிருந்து கடன்

இங்கேதான் குச்சி வருகிறது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்பை முக்கி எடுத்து, டப்பாவில் ஒட்டியிருக்கும் வண்ண அட்டையோடு ஒப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் எல்க்ஹார்ட் நகரில், மைல்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃப்ரெட் ஃப்ரீ என்ற வேதியியலாளர் தம்பதி உருவாக்கிய வழி அது. 1956-இல் வந்த கிளினிஸ்டிக்ஸ் சிறுநீரில் சர்க்கரையை மட்டும் பார்த்தது. பிறகு புரதம், ரத்தம் என்று கட்டம் கட்டமாகச் சேர்ந்து, 1980-களில் வெள்ளை அணுக்களுக்கும் ஒரு கட்டம் வந்தது.

அந்தக் கட்டம் வேலை செய்யும் விதம் அழகானது. அது அணுவை எண்ணுவதில்லை. நியூட்ரோஃபிலின் உள்ளே எஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. கட்டத்தில் தடவியிருக்கும் ஒரு வேதிப்பொருளை அது வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு இன்னொரு பொருளோடு சேர்ந்து ஊதா நிறமாகும். அணு அதிகமென்றால் நிறம் அடர்த்தி. சுமார் இரண்டு நிமிடம். மின்சாரம் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம், வார்டு அலமாரியில் ஏற்கெனவே ஒரு டப்பா இருக்கிறது.

சிறுநீரில் வெள்ளை அணுவைப் பார்க்கும் குச்சியை வயிற்றுநீரில் முக்கினால் என்ன? யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். 2002-இல் பிரான்ஸில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். குச்சி ஒரு நோயாளியைக்கூடத் தவறவிடவில்லை. 2003-இல் பார்சிலோனாவில் 228 மாதிரிகளை வேறொரு நிறுவனத்தின் குச்சியால் பார்த்தார்கள். நிற அளவில் இரண்டாம் படியை எல்லையாக வைத்தால், தொற்று உள்ளவர்களில் 96 சதவீதத்தைப் பிடித்தது. அடுத்தடுத்துப் பல நாடுகளிலிருந்து சிறிய ஆய்வுகள் வந்தன, பெரும்பாலும் நல்ல செய்திகளோடு. சில ரூபாய் குச்சி, இரண்டு நிமிடம், நள்ளிரவுப் பிரச்சினை தீர்ந்தது என்றே தோன்றியது.

2007-இல் பிரான்ஸிலிருந்து பெரிய ஆய்வு வந்தது. பல மையங்கள், 1041 நோயாளிகள், 2123 முறை எடுத்த வயிற்றுநீர். மைக்ராஸ்கோப் எண்ணிக்கைப்படி அவற்றில் 117 மாதிரிகளில் தொற்று. குச்சி பிடித்தது 45.3 சதவீதம். அதாவது 53-ஐப் பிடித்து 64-ஐ விட்டுவிட்டது. ஒரு நாணயத்தைச் சுண்டிப்போட்டு முடிவு செய்திருந்தாலும் அதைவிடக் கொஞ்சம் அதிகம் பிடித்திருக்கும்.

இதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. குச்சி ‘இல்லை’ என்று சொன்னால் 97 சதவீதம் அது சரி. இதை மட்டும் தனியே படித்தால் பிரமாதமான சோதனை மாதிரித் தெரியும். கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2123-இல் நோய் இருந்தது 117-இல்தான், அதாவது 5.5 சதவீதம். எதைக் கொடுத்தாலும் ‘இல்லை’ என்று மட்டும் திருப்பி அனுப்பும் ஒற்றை வரி ஃபங்ஷன் எழுதினால், அதுவும் 94.5 சதவீதம் சரியாகச் சொல்லும். ஒன்றுமே செய்யாத அந்த நிரலைவிட இரண்டரை சதவீதம் மேல் என்பதுதான் அந்த 97-இன் உண்மையான அர்த்தம். நோய் குறைவாக இருக்கும் கூட்டத்தில் ‘இல்லை’ என்று சொல்லி நல்ல பெயர் வாங்குவது மிகச் சுலபம்.

ஏன் விட்டது? குச்சி செய்யப்பட்டது சிறுநீருக்காக. எவ்வளவு அணு இருந்தால் நிறம் மாறவேண்டும் என்ற எல்லை சிறுநீருக்கு வைத்தது. வயிற்றுநீர் வேறு திரவம், புரதம் வேறு, நிறம் வேறு. அணு எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கும்போது குச்சி ஊதாவாகிவிடும். 300, 400 என்று எல்லைக்குச் சற்று மேலே இருக்கும்போது வெளிறிப்போகும். சீக்கிரம் பிடித்தால் பிழைக்கக்கூடிய நோயாளிகள் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். சிறிய ஆய்வுகள் நன்றாக வந்ததற்கும் இதில் பதில் உண்டு: நோய் முற்றியவர்கள் அதிகமிருந்த மாதிரியில் குச்சி கெட்டிக்காரனாகத் தெரியும்.

ஐரோப்பிய கல்லீரல் சங்கத்தின் 2010 வழிகாட்டி, குச்சிகளைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியது. அதே ஆண்டு அமெரிக்காவில் மெண்ட்லரும் சகாக்களும் வேறு வழியில் போனார்கள். வயிற்றுநீருக்காகவே அளவு திருத்திய ஒரு குச்சி, பெயர் பெரிஸ்கிரீன். கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தமாகச் செய்யத் தொடங்கியது நல்ல திசை. முதல் முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனாலும் அணு எண்ணிக்கையின் இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை.

இருக்கா, யாரு?

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர் விஷயம். குச்சியும் சரி, 250 என்ற எண்ணும் சரி, ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: தொற்று இருக்கா? எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டுக்குமே தெரியாது. 1985-இல் அந்த இரண்டாவது கேள்வி அவ்வளவு பெரிதாக இல்லை, செஃபோடாக்சிம் பெரும்பாலும் வேலை செய்தது. 2019-இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு, 46 மையங்களில் தொற்றோடு சேர்க்கப்பட்ட 1302 சிரோசிஸ் நோயாளிகளைப் பார்த்தது. பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளின் பங்கு 34 சதவீதம். ஆசியாவில் அது அதிகம், அதிலும் இந்தியாவில் மிக அதிகம்.

ஆக, இரண்டு நிமிடத்தில் ‘ஆமாம்’ என்று தெரிந்து, மூன்றாவது நிமிடத்தில் ஊசி போட்டு, அந்த ஊசிக்குக் கிருமி மசியாவிட்டால்? அதனால்தான் கல்ச்சரை விடவே முடியாது. முதல் ஊசிக்கு முன்பே 10 மில்லி நீர் அந்தப் பாட்டிலுக்குள் போயிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து வரும் பதில், முதல் நாள் எடுத்த முடிவைத் திருத்த உதவும். சிகிச்சை தொடங்கி 48 மணி நேரத்தில் மறுபடி நீரெடுத்து, நியூட்ரோஃபில் எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்ப்பதும் அதற்காகத்தான்.

அப்போ குச்சியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அதே 2007 ஆய்வைத் திரும்பப் பாருங்கள். தொற்று இல்லாத மாதிரிகளில் 99.2 சதவீதத்தில் குச்சி சும்மா இருந்தது. அதாவது அது அநாவசியமாகக் கத்துவதில்லை. ஊதாவானால் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது. அதன் ‘ஆமாம்’ என்ற பதிலை ஓரளவு நம்பலாம், ‘இல்லை’ என்ற பதிலை நம்பக் கூடாது. லேப் இல்லாத இரவில் நிறம் மாறினால், கல்ச்சருக்கு நீரை எடுத்துவைத்துவிட்டு மருந்தைத் தொடங்க அது ஒரு காரணம். நிறம் மாறாவிட்டால் அது எதற்கும் காரணம் ஆகாது, யாரையாவது எழுப்பி எண்ணச் சொல்ல வேண்டியதுதான்.

எந்தக் குச்சியாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. வயிறு வீங்கி மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு சிரோசிஸ் நோயாளிக்கும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சேர்ந்த உடனே ஓர் ஊசியால் கொஞ்சம் நீரெடுத்துப் பார்க்கச் சொல்கின்றன இன்றைய வழிகாட்டிகள். ஸைபெர்ட் வாளி வாளியாக எடுத்த அதே தண்ணீர்தான். இன்றைக்குச் சில மில்லி போதும். உங்கள் வீட்டில் யாராவது அந்தப் படுக்கையில் இருந்தால், ‘தண்ணியை டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டீங்களா?’ என்று முதல் நாளே கேட்கலாம். கேட்பதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை.